எழுத இடம் கொடுங்கள்

எதிர்வீட்டு அம்மாள் ஒரு நாள் சாயங்காலம் இரண்டு காகிதங்களைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய கணவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றுக் காலமானவர். மாதா மாதம் வந்துகொண்டிருந்த குடும்ப ஓய்வூதியம் நாலு மாதமாக நின்று போயிருந்தது. ஒரு பதிவேட்டில் கணவரின் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல் இருக்கிறது. இன்னொன்றில் இரண்டு இருக்கின்றன. இரண்டு பேரும் ஒருவர்தானா என்று கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஆபீசுக்கு நேரில் போனேன். எல்லாம் வெப்சைட்டில்தான் போட வேண்டுமாம். நீங்கள் கதை எழுதுகிறவர். நாலு வார்த்தை நன்றாக எழுதிப் போட்டுக் கொடுங்கள், தம்பி" என்றார்.

நன்றாக எழுதுவதற்கு எனக்கு வேலையே வைக்கவில்லை அவர். ஒரு காகிதத்துக்கு ஒரு பக்கமாக, இரண்டு பக்கத்தில் தம் கையாலேயே எல்லாவற்றையும் எழுதியிருந்தார். கணவர் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் அதே பெயரில், அதே இனிஷியலோடு, இன்னொரு வாத்தியாரும் இருந்தார். சம்பளப் பட்டியலில் குழப்பம் வரக் கூடாதென்று தலைமை ஆசிரியர் இவருக்கு ஊர்ப் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து விட்டார். வேறு ஊருக்கு மாற்றலான பிறகு அந்த ஊரெழுத்து எடுக்கப்பட்டது. எடுத்ததற்கு அரசிதழில் விளம்பரம் வந்தது. அதன் தேதி இது, எண் இது. இவ்வளவையும் அந்த அம்மாள் குழாயடியில் நின்று பேசுகிற பாஷையில், தேதி வரிசை தப்பாமல் எழுதியிருந்தார். கூட ஒரு வரி: ‘இரண்டு வாத்தியார்களும் சம்பளத் தேதியன்று ஒருவர் கவரை ஒருவர் மாற்றி வாங்கிக்கொண்டு வந்து சிரித்திருக்கிறார்கள்.’ நாற்பது வருஷமாகக் கதை எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு அந்த வரியைப் பார்த்துச் சற்றுப் பொறாமைகூட உண்டாயிற்று.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஆபீசின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லிப் பிரயோசனமும் இல்லை, எல்லா ஆபீசிலும் இதே கதைதான். பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் தாண்டிக் கடைசியில் ‘குறையின் விவரம்’ என்று ஓர் இடம். அதற்கு எதிரே ஒரு கட்டம். டெக்ஸ்ட் பாக்ஸ் என்கிறார்கள். உயரம் மூன்று வரி. அகலம் என் உள்ளங்கை. அடியில் பொடி எழுத்தில், ‘500 எழுத்துகளுக்கு மிகாமல்’.

இரண்டு மணி நேரம் வெட்டினேன். சிரிப்பு போயிற்று. பள்ளிக்கூடங்களின் பெயர் போயிற்று. ‘இன்னும் 46 எழுத்துகள் அதிகம்’ என்று அது சிவப்பு நிறத்தில் பயமுறுத்தியது. ஒரே பெயரில் இரண்டு வாத்தியார் என்ற சங்கதியை எடுத்தேன். அது ஏதோ கிளைக்கதை போலத் தோன்றியது. அந்தச் சங்கதியோடு அதே வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அரசிதழ் எண்ணும் போய்விட்டது. நான் கவனிக்கவில்லை. கட்டத்தில் ஒரே சமயத்தில் மூன்று வரிதானே தெரிகிறது? மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன மிஞ்சியிருக்கிறது என்பது கண்ணுக்குப் படவில்லை. சிவப்பு எண் மறைந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ‘பெயர் மாற்றத்துக்கான ஆதாரம் குறிப்பிடப்படவில்லை. மனு முடித்து வைக்கப்படுகிறது.’

முதல் குற்றவாளி நான். அதை ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காகிதத்தில் இதே வேலையைச் செய்திருந்தால் இந்தத் தப்பு நேர்ந்திருக்காது. காகிதத்தில் ஒரு வாக்கியத்தை அடித்தால் அடித்த கோட்டுக்குக் கீழே அது உயிரோடுதான் இருக்கிறது. ‘என்னை எடுத்தது சரிதானா?’ என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறபோது எது தூண், எது தோரணம் என்று கண்ணே சொல்லிவிடும். மூன்று வரி ஜன்னல் வழியாக ஒரு வீட்டைப் பழுது பார்க்கச் சொன்னால், கொத்தனார் தூணைத்தான் இடிப்பான்.

இது சின்ன விஷயம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். கட்டம் சிறியதாக இருந்தால் என்ன, பெரியதாக இருந்தால் என்ன, உள்ளே எழுதுவதற்குத்தானே முக்கியம் என்கிறார்கள். எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் நான் இந்தக் கட்சியை அடியோடு மறுக்கிறேன். எழுதுகிற இடம் எழுத்தை மாற்றும். எப்போதும் மாற்றித்தான் வந்திருக்கிறது. நம் ஏட்டுச் சுவடிகளையே பாருங்கள். ஓலை குறுகலானது, கீறுவது சிரமம். ஆகவே சொல்லுக்குச் சொல் இடம் விடாமல், மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வைக்காமல், ஒரே தொடராக எழுதிக்கொண்டு போனார்கள். எழுதினவர்களுக்கு மிச்சமான இடத்துக்கெல்லாம் பிற்காலத்தில் படித்தவர்கள் வட்டியோடு விலை கொடுத்தார்கள். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிடுவதற்கு முன்னால் எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கப் பட்ட பாட்டில் ஒரு பகுதி, ஓலையில் இடம் போதாமையால் வந்தது. ஓலையின் அகலத்தைப் பனைமரம் தீர்மானித்தது. மரத்தோடு சண்டை போட முடியாது. இந்தக் கட்டத்தின் அகலத்தைத் தீர்மானித்தவர்கள் மனிதர்கள். அவர்களோடு தாராளமாகச் சண்டை போடலாம்.

யார் அந்த மனிதர்கள் என்று விசாரித்தேன். இளைஞர் ஒருவர், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். வலைப் பக்கங்களை எழுதுவதற்கு ஹெச்.டி.எம்.எல். என்று ஒரு பாஷை இருக்கிறதாம். நீளமாக எழுதுவதற்கான கட்டம் 1995-இல் வந்த அதன் விதிகளிலேயே இருக்கிறது. அப்போது கட்டத்துக்கு எத்தனை வரி, எத்தனை எழுத்து அகலம் என்று பக்கத்தை அமைக்கிறவர் கட்டாயம் சொல்லியாக வேண்டும். இன்றைய விதி இன்னும் தாராளம்: சொல்லாமல் விட்டுவிட்டால் கட்டம் தானாகவே ஓர் அளவை எடுத்துக்கொள்ளும். அந்த அளவு என்ன தெரியுமா? இரண்டு வரி. ஒரு வரிக்கு 20 எழுத்து.

இரண்டு வரி, இருபது எழுத்து! பால்காரனுக்கு ‘நாளை ஒரு பாக்கெட் போதும்’ என்று எழுதிவைக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் எழுத முடியாது. இது யாரும் யோசித்துத் தேர்ந்தெடுத்த அளவாக எனக்குப் படவில்லை. யாரும் யோசிக்காதபோது மிஞ்சுகிற அளவு இது. பக்கத்தை அமைக்கிறவர் பெரிய மனது பண்ணி அதை மூன்று வரியாகவோ நாலு வரியாகவோ உயர்த்துகிறார். பிறகு தலைப்பில் ஆபீசின் சின்னத்தை வைப்பதற்குப் போய்விடுகிறார்.

இதில் தமிழுக்கென்று தனியாக ஒரு தண்டனை இருக்கிறது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

நாம் சாதாரணமாகப் பேசுகிற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘யோசித்துக்கொண்டிருந்தேன்’. நம் கணக்குப்படி, பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த கணக்குப்படி, இதில் 12 எழுத்துகள். இயந்திரம் அப்படி எண்ணுவதில்லை. யூனிகோடு முறையில் ‘க’ ஒன்று. அதன் மேல் வைக்கிற புள்ளி இன்னொன்று. ‘ய’ ஒன்று, அதை ‘யோ’ ஆக்குகிற குறி இன்னொன்று. இந்தச் சொல்லில் தனி அகர எழுத்து ஒன்றுகூட இல்லாததால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாக எண்ணப்பட்டு, 12 எழுத்து 24 ஆகிவிடுகிறது. ஒரே ஒரு சொல்! ‘வணக்கம்’ என்று மரியாதையாக ஆரம்பித்தால், ஐந்து எழுத்துக்கு ஏழு பிடித்துக்கொள்கிறான். இங்கிலீஷ்காரர் ‘ஐ வாஸ் திங்கிங்’ என்று எழுதினால், நடுவில் விட்ட இடங்களையும் சேர்த்து 14-இல் முடித்துவிடுகிறார்.

ஆகவே ‘500 எழுத்துகளுக்கு மிகாமல்’ என்று போட்டிருந்தார்களே, அது தமிழ் எழுத்து முந்நூறுக்குச் சற்று மேலே. சொற்களாகப் பார்த்தால் ஐம்பது அறுபது. அதே 500-இல் இங்கிலீஷில் எண்பது சொற்கள் எழுதலாம். ‘எழுத்து’ என்ற நம் சொல்லைப் போட்டுவிட்டு நம் எழுத்தை எண்ணாமல் வேறெதையோ எண்ணுகிறார்கள். படி என்று சொல்லி ஆழாக்கால் அளக்கிற கடைக்காரனை நாம் சும்மா விடுவதில்லை. இதைச் சகித்துக்கொள்கிறோம்.

செல்போன் குறுஞ்செய்தியிலும் இதே கதை என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். இங்கிலீஷில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறிகள். அந்த 160-க்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1985-இல் ஜெர்மனியின் பான் நகரத்தில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் என்ற பொறியாளர் தம் டைப்ரைட்டரின் முன் உட்கார்ந்து மனத்தில் வந்த கேள்விகளையும் வாக்கியங்களையும் அடித்து எண்ணிப் பார்த்தார். அநேகமாக எல்லாம் 160-க்குள் அடங்கின. தபால் கார்டுகளில் ஜனங்கள் எவ்வளவு எழுதுகிறார்கள் என்பதையும் கவனித்தார். தமிழ் அவர் கணக்கில் இல்லை. அதற்காக அவர் மேல் கோபித்துக்கொண்டு பயனில்லை. ஆனால் அந்த மனிதர் உட்கார்ந்து எழுதிப் பார்த்தார் அல்லவா? நம் ஊரில் மனுப் பக்கங்களை அமைக்கிறவர்களில் எத்தனை பேர், தாம் அமைத்த கட்டத்தில் தமிழில் ஒரே ஒரு முழு மனுவை எழுதிப் பார்த்திருக்கிறார்கள்?

வேடிக்கை என்னவென்றால், எழுத்தால் அளக்காமல் சொல்லால் அளந்தால் தமிழுக்கு லாபம். ‘யோசித்துக்கொண்டிருந்தேன்’ என்ற ஒரு சொல்லில் இங்கிலீஷின் மூன்று சொற்கள் அடங்கிவிடுகின்றன. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2012-இல் செய்த விதிகளில், விண்ணப்பம் சாதாரணமாக 500 சொற்களுக்கு மேற்படக் கூடாது என்று இருக்கிறது. உடனேயே, அதற்கு மேல் போய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறார்கள். இப்படி ஓர் அளவு வைத்தால் யார் கோபிக்கப் போகிறார்கள்? சுருக்கமாகச் சொல்லு என்கிறார்கள்; சொல்ல முடியாவிட்டால் போகட்டும், கேட்டுக்கொள்கிறோம் என்கிறார்கள். மனுஷன் எழுதின விதி அது.

மனுக்களைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதிதாக எழுதுவதைக் காட்டிலும், இருக்கிற எழுத்தைத் திருத்துவதில்தான் சிறிய கட்டம் பெரிய நாசம் செய்கிறது. என் சொந்தக் கதை ஒன்று. ஒரு பத்திரிகை என் நெடுங்கதையைத் தன் வலைத்தளத்தில் வெளியிட்டது. திருத்தங்கள் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம் என்று திருத்தும் பக்கத்துக்கு வழி சொன்னார்கள். மிகுந்த மரியாதை. போய்ப் பார்த்தால், ஏறக்குறைய ஆயிரம் வரிக் கதை நாலு வரிக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. சாவித்துவாரம் வழியாகக் கல்யாணம் பார்ப்பது போல. கதாநாயகியின் பெயரை ஜானகியிலிருந்து மைதிலி என்று மாற்ற நினைத்தேன். நாலு நாலு வரியாக உருட்டிக்கொண்டே போனேன். கை வலித்தது, கண் சோர்ந்தது, எங்கே விட்டேன், எங்கே தொட்டேன் என்பது மறந்து போயிற்று. கதை வெளியான மறுநாள் ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார்: ‘ஏழாம் அத்தியாயத்தில் திடீரென்று வரும் ஜானகி யார்? கதாநாயகனின் மூத்த தாரமா? அவளுக்கு என்ன ஆயிற்று என்று ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?’

அந்த வாசகிக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

புரூப் திருத்தினவர்களுக்கு நான் சொல்வது தெரியும். நீண்ட காலி புரூப் தாளை மேஜை மேல் விரித்து, ஓரத்தில் குறியிட்டு, தாளின் தலையிலிருந்து காலுக்கு ஒரு முறை பார்வையை ஓட்டுவார்கள். திருத்தம் என்பது ஒரு சொல்லை எடுத்து இன்னொரு சொல்லை வைப்பதா? பக்கத்து வாக்கியம் என்ன சொல்கிறது, இதே சொல் மூன்று வரிக்கு முன்னால் வந்ததா, பத்தி எங்கே மூச்சு வாங்குகிறது என்றெல்லாம் பார்த்துக்கொண்டுதான் ஒரு சொல்லில் கை வைக்க முடியும். கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்கிறவர்கள், நம் ஜனங்களுக்கு எழுதத் தெரியவில்லை என்று அங்கலாய்க்கிறார்கள்.

இந்த விஷயத்தை நன்றாகச் செய்தவர்கள் இல்லாமலில்லை. விக்கிப்பீடியாவை 2001-இல் தொடங்கினார்கள்; தமிழ் விக்கிப்பீடியா 2003-இலிருந்து நடந்து வருகிறது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது அதன் கொள்கை. கொள்கையோடு நிற்காமல், திருத்தும் பக்கத்தில் உட்காருவதற்கு இடமும் கொடுத்தார்கள். முற்காலத்தில் அந்தக் கட்டம் 25 வரி, 80 எழுத்து அகலம். அது போதாதவர்கள் தங்கள் விருப்பப் பக்கத்துக்குப் போய் வரியையும் அகலத்தையும் தாங்களே நிர்ணயித்துக்கொள்ள முடிந்தது. 80 என்ற எண்ணுக்கும் ஒரு பூர்வோத்தரம் உண்டு. 1928-இல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள் இருந்தன. அந்த வழக்கம் பிற்காலத்துக் கம்ப்யூட்டர் திரைகளிலும் தொடர்ந்தது. துளை போடுகிற அட்டைக்கு 80 இடம் கொடுத்த உலகத்தில், துக்கத்தைச் சொல்ல வருகிற மனிதனுக்கு 20.

இனி, எதிர்க் கட்சிக்காரர்களின் வாதங்களைப் பார்ப்போம்.

யாரும் நீளமாக எழுதுவதில்லை, ஆகவே பெரிய கட்டம் வீண் என்கிறார்கள். ஸ்டூலைப் போட்டுவிட்டு, யாரும் சாய்ந்து உட்காருவதில்லை, ஆகவே நாற்காலி வேண்டாம் என்று சொல்வது போல் இருக்கிறது இது. கட்டத்தின் அளவு ஒரு குறிப்பு. ‘இவ்வளவு சொன்னால் போதும்’ என்று வாயைத் திறப்பதற்கு முன்பே கையை உயர்த்துகிற குறிப்பு. கூச்ச சுபாவமுள்ளவர்கள் அந்தக் கையைப் பார்த்ததுமே பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார்கள். வக்கீல் வைத்துக்கொள்ளக்கூடியவர்கள் எப்படியும் தங்கள் நாலு பக்கத்தை உள்ளே சேர்த்துவிடுவார்கள். சுருங்கிப் போகிறவர்கள் எதிர்வீட்டு அம்மாளைப் போன்றவர்கள்தான்.

எல்லாரும் செல்போனில்தான் பார்க்கிறார்கள், திரை சிறியது என்பது இன்னொன்று. மெய்தான். திரை சிறியதாக இருந்தால் அந்தத் திரை முழுவதையும் கட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். சிறிய வீடு என்பதற்காகச் சமையலறையையும் அலமாரிக்குள் வைப்பார்களா?

எழுத்துகளைச் சேமித்துவைக்க இடம் வேண்டாமா என்று கேட்டவரும் உண்டு. இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். அதே பக்கத்தில், அடையாள அட்டையின் படத்தை மட்டும் இணைப்பதற்கு 2 மெகாபைட் அனுமதித்திருந்தார்கள். அந்த ஒரு படம் பிடிக்கிற இடத்தில், அந்த அம்மாளின் இரண்டு பக்கக் கடிதத்தைப் போல நூற்றைம்பதுக்குக் குறையாத கடிதங்களை வைக்கலாம். முகத்துக்கு இவ்வளவு இடம், வாய்க்கு இல்லை.

கடைசியாக, சுருங்கச் சொல்லி விளங்க வைப்பதல்லவா தமிழ் மரபு, குறளுக்கு ஏழு சீர்தானே என்று ஒரு பண்டிதர் கேட்டார். ஏழு சீரில் சொல்வதென்று முடிவு செய்தவர் வள்ளுவர். அப்புறம் 1330 தடவை எடுத்துக்கொண்டார். அவருக்கு எதிரே மூன்று வரிக் கட்டத்தைப் போட்டு, ‘ஐயா, இதற்கு மிகாமல்’ என்று யாரும் சொல்லவில்லை. சுருக்கம் எழுதுகிறவன் தேடி அடைகிற நயம். பிறத்தியான் கழுத்தைப் பிடித்துச் செய்கிற சுருக்கத்துக்கு வேறு பெயர்.

காகிதத்திலும் கட்டங்கள் இருந்தன, நான் மறுக்கவில்லை. இந்தியாவில் 1879-இல் கால் அணாவுக்குத் தபால் கார்டு வந்தபோது அதுவும் ஒரு சின்னக் கட்டம்தான். 1950-இல் வந்த இன்லண்டு லெட்டரும் அப்படியே. ஆனால் நம் அத்தைமார்கள் அதில் எழுதினதைப் பார்த்திருக்கிறீர்களா? ஆரம்பத்தில் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். பாதி வந்ததும் இடம் போதாதென்று தெரிந்து எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். பிறகு ஓரத்தில் செங்குத்தாக ஏறும். ஒட்டுகிற மடிப்பில், பசைக்கு மேலே, ‘சின்னவளுக்குப் பல் முளைத்திருக்கிறது’ என்று ஒரு வரி இருக்கும். கடிதத்திலேயே முக்கியமான சமாசாரம் அநேகமாக அந்த மடிப்பில்தான் இருக்கும். காகிதம் சிறியதானாலும் இளக்கம் உள்ளது. முழுதும் கண்ணுக்குத் தெரிந்தது, ஓரம் கொடுத்தது, சிவப்பு நிறத்தில் பயமுறுத்தவில்லை. எழுதத் தெரியாதவர்களுக்குத் தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர்கூட, ‘அப்புறம்?’ என்றுதான் கேட்டார்.

கம்ப்யூட்டரிலும் அந்த இளக்கத்தைக் கொண்டுவர முயற்சி செய்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்த இடத்தில்தான். பக்கங்களைத் திறந்து காட்டுகிற பிரவுசர் என்ற சாதனத்தில், கட்டத்தின் கீழ் மூலையைப் பிடித்து இழுத்தால் கட்டம் பெரிதாகிற ஏற்பாட்டை 2007-இல் சஃபாரியில் கொடுத்தார்கள். 2011-இல் ஃபயர்ஃபாக்ஸிலும் அது வந்தது. மூலையில் சாய்வாக இரண்டு சின்னக் கோடுகள் தெரியுமே, அதுதான். எழுதுகிறவன் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே இழுத்து எடுத்துக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டாம். ஒரு காசு செலவில்லை. பக்கத்தை அமைக்கிறவர் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும்.

அவர் சும்மா இருப்பதில்லை. ‘இழுக்கக் கூடாது’ என்று ஒரு வரிக் கட்டளையைப் போட்டு அந்த மூலையை எடுத்துவிடுகிறார். இழுத்தால் பக்கத்தின் அழகு கெட்டுவிடுகிறதாம்! நான் விசாரித்த இளைஞரே, தாமும் பல பக்கங்களில் அப்படிச் செய்திருப்பதாகத் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். மூன்று வரிக் கட்டம் போடுவது அசட்டை, மன்னிக்கலாம். மூலையை வெட்டுவது அப்படியல்ல. ரயிலில் எழுந்து இடம் கொடுக்காமல் இருப்பது ஒன்று. காலி ஸீட்டில் துண்டைப் போட்டுவைப்பது வேறொன்று. மனுக் கொடுக்க வருகிறவனுக்காக ஏற்பட்ட பக்கத்தில் அழகு யாருக்காக? திறப்பு விழாவன்று அதைப் பார்த்துவிட்டுப் போகிற மேலதிகாரிக்காகவா?

எழுத எழுதத் தானே வளர்ந்து கொடுக்கிற கட்டமும் இப்போது சாத்தியம். முன்பெல்லாம் அதற்குத் தனியாக வேலை செய்ய வேண்டியிருந்ததாம். 2024-இல் குரோம் பிரவுசரில் அதற்கென்று ஒரு வரிக் கட்டளையே வந்துவிட்டது. அந்த வரியைச் சேர்த்தால் உள்ளே இருக்கிற எழுத்துக்குத் தக்கபடி கட்டம் நீண்டுகொண்டு போகும். மூலையை வெட்டவும் ஒரு வரி; இடம் கொடுக்கவும் ஒரு வரி.

ஆகவே பணம் இல்லை, வசதி இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். திருத்துகிற பக்கம் என்றால் திரையில் பாதியாவது கட்டமாக இருக்கட்டும். எழுத எழுத அது நீளட்டும். மூலையில் கை வைக்காதீர்கள். அளவு வைத்தே தீர வேண்டுமென்றால் சொல்லால் வையுங்கள். எழுத்தால் வைப்பதானால் ‘க்’ என்பதை ஒன்றாக எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். அளவு தாண்டினால் எழுதினதை வெட்டித் தள்ளாமல் வாங்கிக்கொள்ளுங்கள். படிக்க நேரமில்லை என்கிறீர்களா? ஆதாரம் குறிப்பிடப்படவில்லை என்று எழுதி, அதற்கு வருகிற மறு மனுவையும் படித்து, மறுபடி பதில் எழுதுகிற நேரத்தில் இரண்டு பக்கத்தை இரண்டு தடவை படிக்கலாம்.

எதிர்வீட்டு அம்மாள் பிறகு என்னிடம் வரவில்லை. தம் கையெழுத்தில் இருந்த அந்த இரண்டு பக்கங்களையும், ஒரு வரிகூட மாற்றாமல், மேலதிகாரியின் பெயருக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். கவர் மாற்றிச் சிரித்த வரியும் அதில் இருந்தது. இரண்டு மாதத்தில் பாக்கி உள்பட ஓய்வூதியம் வந்து சேர்ந்தது. எனக்குச் செய்தி சொன்னது அவருடைய பேத்தி.

போன வாரம் வெட்கத்தை விட்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். கடிதத்தின் நகல் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கிறது, தம்பி. எதற்கு?" என்றார். மனுப் பக்கங்களை அமைக்கிறவர்கள் யாராவது முன்வந்தால், தங்கள் கட்டத்தில் அதை முழுதும் டைப் அடித்துப் பார்க்கக் கொடுக்கலாம் என்று சொன்னேன். ஊர்ப் பெயர்களை மட்டும் அடித்துவிட்டுக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். வேண்டியவர்கள் எனக்கு எழுதலாம்.